ஃபுஜியில் கூட்டமில்லாத வழி: நான் செய்த தவறும் மற்றவையும்

போன கோடையில் ஜப்பானின் ஃபுஜி மலையிலிருந்து இறங்கும்போது, எட்டாம் நிலையத்தருகே (மலைப்பாதையை இப்படி நிலையங்களாகப் பிரித்திருக்கிறார்கள்) பாதை பிரியும் இடத்தில் ஓர் இளைஞர் பலகையைப் பார்க்காமலே யோஷிதா என்ற வழியின் பக்கம் திரும்பினார். “எங்கிருந்து ஏறினீர்கள்?” என்று கேட்டேன். “சுபாஷிரி” என்று இன்னொரு வழியின் பெயரைச் சொன்னார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக நிறுத்தினேன். மழைக்கோட்டு, தலைவிளக்கு பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இதை ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

ஏறும் வழியை மட்டும் யோசிப்பது

நான்கு வழிகளில் யோஷிதாவில்தான் பாதிக்கு மேற்பட்டோர் ஏறுகிறார்கள். அந்த நெரிசல் பிடிக்காதவர்களுக்குச் சுபாஷிரி நல்ல தேர்வு. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், மரநிழலில் தொடங்குகிறது. வினை இறங்கும்போதுதான். உச்சியிலிருந்து இரண்டு வழிக்காரர்களுக்கும் ஒரே இறங்குபாதை; எட்டாம் நிலையத்தருகே அது பிரிகிறது. யோஷிதாவுக்கு மஞ்சள் பலகை, சுபாஷிரிக்குச் சிவப்பு.

நான் முதல்முறை போனபோது இரவெல்லாம் தூக்கமில்லை. முன்னால் போனவரின் பையில் ஒரு சிறு மணி கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. பலகையை விட்டுவிட்டு அந்த மணியின் பின்னாலேயே போனேன். சரளைக்கல் சறுக்க, வளைந்து வளைந்து மணிக்கணக்கில் இறங்கினால், கீழே குதிரைகள் நிற்கின்றன. நான் கிளம்பிய இடத்தில் குதிரையே கிடையாது. அப்போதுதான் உறைத்தது: நான் நிற்பது யமனாஷி மாகாணம், என் கார் இருப்பது மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய ஷிசுவோகா மாகாணம். முந்தைய இரவு குடிலில் தங்கியதற்குக் கொடுத்ததைவிட டாக்ஸிக்குக் கொடுத்தது அதிகம். எரிச்சல் காசுக்காக மட்டுமல்ல. சுபாஷிரியின் கீழ்ப்பகுதியில் மணல் சரிவு ஒன்று உண்டு. குதிகாலை ஊன்றினால் கால் தானாக வழுக்கிக்கொண்டு போகும். அதற்காகவே அந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தேன்!

ஏறும் முன்பே “சிவப்பு” என்று புறங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

உச்சி வரை அமைதி கிடைக்கும் என்று நம்புவது

எட்டாம் நிலையத்தருகே சுபாஷிரி ஏறுவழியும் யோஷிதாவோடு சேர்ந்துவிடும். விடியலுக்கு முன் அங்கே போய்ச் சேர்ந்தால் பந்திக்கு முந்துகிற கூட்டம்தான். சுபாஷிரி கிழக்குச் சரிவில் இருக்கிறது. குடில் வாசலிலேயே சூரியோதயம் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் இறங்கத் தொடங்கியபின் மேலே போனால் போதும்.

முதல்முறையே கோதெம்பா

நான்கு வழிகளில் இன்னொன்றான இதில் ஆள் நடமாட்டம் குறைவுதான். தொடக்கம் 1,440 மீட்டர், உச்சி 3,776. கழித்துப் பாருங்கள்.

மதியம் சாவகாசமாகப் போய் நிற்பது

2025 முதல் நான்கு வழிகளிலும் 4,000 யென் கட்டணம். குடிலில் முன்பதிவு இல்லாதவர்களுக்குப் பிற்பகல் 2 மணிக்கு மேல் அனுமதியும் கிடையாது.

கூட்டம் குறையட்டும் என்று செப்டம்பர் 10 தாண்டிப் போவது

வேண்டாம். பாதையே மூடியிருக்கும்.