க்ரூஸ் கம்பெனி தீவுல குடும்பத்தோட ஒரு நாள்: சொதப்பாம போய்ட்டு வர்றது எப்படி

க்ரூஸ் கப்பல் கம்பெனிங்க தங்களோட பயணிகளுக்காகவே வெச்சிருக்கற தீவுக்கு மொத தடவை போனப்ப நாங்க பண்ண தப்ப மொதல்ல சொல்லிடுறேன். லீவுதானே, மெதுவா எழுந்துக்கலாம்னு ஒம்போது மணிக்கு எழுந்து, பஃபேல உக்காந்து ரெண்டு காபி குடிச்சி, பொண்ணுக்கு ஸ்விம் டிரஸ் தேடி, மாமனாருக்கு தொப்பி தேடி, கீழ எறங்கிப் போனா கரைக்கு போற சின்ன போட்டுக்கு பெரிய க்யூ. மணல்ல கால் வெச்சப்ப பதினொன்றரை. மூணு மணிக்கு திரும்ப க்யூல நிக்கணும். காசு குடுத்து வாங்கின ஒரு முழு நாள்ல கையில வந்தது மூணரை மணி நேரம், அதுலயும் அரை மணி நேரம் சாப்பாட்டு லைன். தப்பு முழுக்க எங்களோடதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. அதுக்கப்புறம் போன தடவை எல்லாம் உருப்படியா போச்சு, அத வெச்சுதான் இத எழுதுறேன்.

இந்த தீவுங்க பெரும்பாலும் பஹாமாஸ்ல (அமெரிக்காவுக்கு பக்கத்துல இருக்கற தீவு நாடு) இருக்கு. ராயல் கரீபியனோட கோகோகே, டிஸ்னியோட காஸ்ட்அவே கே, எம்எஸ்சியோட ஓஷன் கே, நார்வீஜியனோட கிரேட் ஸ்டிரப் கே, இப்படி பல கம்பெனிங்க வெச்சிருக்காங்க. இந்த ஐடியாவ ஆரம்பிச்சு வெச்சது நார்வீஜியன், 1977லயே கிரேட் ஸ்டிரப் கேய வாங்கிட்டாங்க. கோகோகே அதுக்கு பக்கத்து தீவுதான். 'கே'ன்னு எழுதினாலும் பஹாமாஸ்காரங்க 'கீ'ன்னுதான் சொல்வாங்க, சின்ன தீவுன்னு அர்த்தம். எல்லாமே ஃப்ளோரிடாலேர்ந்து ஒரு ராத்திரி பயண தூரத்துல இருக்கறதால மூணு நாலு நாள் க்ரூஸ்ல கூட ஒண்ணு வந்துடும்.

புக் பண்றப்பவே பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு: கப்பல் நேரா துறையில கட்டுமா, இல்ல நடுக்கடல்ல நின்னு சின்ன போட்டுல கூட்டிட்டு போவாங்களா. அந்த போட்டுக்கு பேரு டெண்டர். கோகோகே, காஸ்ட்அவே கே, ஓஷன் கே மூணுலயும் துறை இருக்கு, கதவு திறந்ததும் நடந்தே எறங்கிடலாம். பிரின்சஸ் கம்பெனியோட பிரின்சஸ் கேஸ் மாதிரி இடத்துல டெண்டர்தான். கைக்குழந்தையோ முட்டி வலிக்கிற பெரியவங்களோ கூட வர்றாங்கன்னா இத சாதாரணமா விடாதீங்க. அலை கொஞ்சம் தூக்குனாலும் டெண்டர் ஆடும், ஸ்ட்ரோலர மடக்கி கையில தூக்கணும், அலை ரொம்ப ஜாஸ்தின்னா அன்னைக்கு தீவே கேன்சல், நேரா கடல்ல சுத்திட்டு அடுத்த ஊருக்கு போய்டுவாங்க. துறை இருக்கற தீவுலயும் காத்து பலமா அடிச்சா கட்ட முடியாம திரும்பறது உண்டு, ஆனா டெண்டர் அளவுக்கு இல்ல. ஜூன் 1லேர்ந்து நவம்பர் 30 வரைக்கும் புயல் சீசன், அந்த மாசங்கள்ல டிக்கெட் சல்லிசா கிடைக்கும், ஆனா ரூட்டு மாறினா முகம் சுளிக்காம இருக்க தெரியணும். குளிர்காலத்துல போனா வேற ஒரு விஷயம், தண்ணி சில்லுனு இருக்கும், பெரியவங்க சமாளிச்சிடுவாங்க, குழந்தைங்க பத்து நிமிஷத்துல உதடு நடுங்க வெளிய வந்துடும். மெல்லிசான முழுக்கை ஸ்விம் ஷர்ட் ஒண்ணு வாங்கிடுங்க, அதுவே வெயிலுக்கும் ஆகும்.

முந்தின ராத்திரி பை கட்டிடணும். இது மட்டும் என் வார்த்தைய நம்பி பண்ணுங்க, மத்தத வேணா விட்டுடுங்க. ரூம் கார்டு ஒவ்வொருத்தருக்கும், பெரியவங்களுக்கு ஃபோட்டோ ஐடி, சன்ஸ்கிரீன், தொப்பி, குழந்தைக்கு ஒரு செட் மாத்து துணி, ஈரத்துணி போட பிளாஸ்டிக் கவர், தண்ணி பாட்டில், ஃபோனுக்கு வாட்டர் ப்ரூஃப் பவுச், அவசர மருந்து, பேண்ட்எய்டு. செருப்பு! எங்க மாமனார் "மணல்ல வெறுங்கால்ல நடக்கறதுதான் சுகம்"னு சொல்லி செருப்ப ரூம்லயே விட்டுட்டு வந்தார், காலைல சுகமாத்தான் இருந்தது, மத்தியானம் ஒரு மணிக்கு சாப்பாட்டுக்கூடத்துலேர்ந்து குடை வரைக்கும் அவர் தாண்டி தாண்டி ஓடினத பாத்து பேத்தி விழுந்து விழுந்து சிரிச்சா. வெள்ளை மணல் கருப்பு மணல் அளவுக்கு சுடாது, ஆனா சுடாதுன்னு இல்ல.

டவல் விஷயத்துல கப்பலுக்கு கப்பல் வித்தியாசம், சில இடத்துல தீவுலயே தருவாங்க, சில இடத்துல எறங்கும்போது கப்பல்லேர்ந்து எடுத்துட்டு போய் திருப்பித் தரணும், தொலைச்சா பில்லுல ஏறும். முந்தின நாள் சாயங்காலம் ரூமுக்கு வர்ற டெய்லி ஷெட்யூல்லயோ ஆப்லயோ போட்டிருப்பாங்க, அதுலயே எறங்கற நேரம், திரும்ப ஏற வேண்டிய கடைசி நேரம் எல்லாம் இருக்கும். அந்த கடைசி நேரத்த ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. கப்பல் கிளம்பற நேரம் வேற, நீங்க ஏறியாக வேண்டிய நேரம் வேற, ரெண்டுக்கும் நடுவுல அரை மணியோ ஒரு மணியோ இருக்கும். அப்புறம் ஃபோன் காட்டற டைம நம்பாதீங்க, கப்பல் டைம்தான் கணக்கு, சாதா வாட்ச் ஒண்ணு கட்டிக்கறது உத்தமம். ஃபோன ஏர்பிளேன் மோட்ல போட்டுடுங்க, ரோமிங் பில்லு வந்து ஊருக்கு போனப்புறம் அழக்கூடாது.

பழம், சாண்ட்விச், பஃபேல எடுத்த ஐட்டம் எதுவும் கப்பல விட்டு வெளிய கொண்டு போகக்கூடாது. கம்பெனி சீல் பிரிக்காத பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுக்கு பொதுவா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, குழந்தைக்கு அது போதும்.

இப்ப காலைல. கப்பல் பெரும்பாலும் ஏழு எட்டு மணிக்கு நிக்கும். கதவு திறக்கற நேரத்துக்கு நீங்க படிக்கட்டு பக்கம் நிக்கணும், டிஃபன் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். ஏன் இவ்ளோ அவசரம்னா, ராயல் கரீபியனோட ஐகான் ஆஃப் த சீஸ் மாதிரி கப்பல்ல ஒரு ரூமுக்கு ரெண்டு பேர்னு கணக்கு போட்டாலே 5,600 பேர், கோகோகேல அந்த மாதிரி ரெண்டு கப்பல் ஒரே நாள்ல நிக்க முடியும். நிழல் இருக்கற நாற்காலி எல்லாத்தையும் பத்து மணிக்குள்ள பிடிச்சுடுவாங்க. நாற்காலிக்கு காசு இல்ல, ஆனா நிழலுக்கு சில பீச்ல காசு கேப்பாங்க, இல்லன்னா தென்னமரம் பாத்து பிடிக்கணும். பிடிக்கறப்ப இன்னொண்ணு யோசிங்க, சூரியன் நகரும். எட்டு மணிக்கு நிழலா இருந்த நாற்காலி பதினோரு மணிக்கு தோசைக்கல்லு. மரத்துக்கு வடக்குப் பக்கமா நாற்காலிய போட்டா மத்தியானம் தப்பிக்கலாம், குளிர்காலத்துல இது நல்லாவே வேலை செய்யும், ஜூன் ஜூலைல சூரியன் நேர் உச்சில நிக்கறதால எந்தப் பக்கமும் நிழல் நீளாது, அப்ப குடையே கதி.

இறங்கினதும் கண்ணுல படற மொத பீச்சுலயே ஊரே உக்காந்திரும். அத தாண்டி ட்ராம்ல ஒரு ஸ்டாப் தள்ளிப் போனா பாதி கூட்டம்கூட இருக்காது. ட்ராமுக்கு காசு கிடையாது. கோகோகேல சவுத் பீச் அப்படிப்பட்ட இடம். காஸ்ட்அவே கேல மொத பீச்ச தாண்டி அடுத்த ட்ராம் ஸ்டாப் வரைக்கும் போங்க. அந்த தீவு மொத்தம் சுமார் 1,000 ஏக்கர், அதுல 55 ஏக்கர்தான் பயன்படுத்தறாங்க, மிச்சம் எல்லாம் காடு மாதிரிதான் கிடக்கு. பழைய விமான ஓடுபாதை ஒண்ணு இருக்கு, அதுல இப்ப சைக்கிள் ஓட்டறாங்க, ஓடறாங்க. நடக்க முடியாத பெரியவங்களுக்கு மணல்ல போற பெரிய டயர் வீல்சேர் இலவசமா இருக்கும், ஆனா மொதல்ல வந்தவங்களுக்குத்தான், அதுக்கும் சீக்கிரம் போகணும்.

இப்ப காசு விஷயம். சாப்பாடு, நாற்காலி, பீச், பெரிய பூல் இருந்தா அது, சின்னக் குழந்தைங்க தண்ணி விளையாடற இடம், இவ்ளோவும் நீங்க குடுத்த டிக்கெட்டுலயே அடக்கம். ஸ்லைடு இருக்கற வாட்டர் பார்க், ஜிப்லைன், கபானா (வாடகைக்கு எடுக்கற நிழல் குடில்), கோகோகேல பெரியவங்க மட்டும் போற தனி பீச், ஜெட் ஸ்கி இதெல்லாம் தனி. கோகோகேல இருக்கற வாட்டர் பார்க்ல டேர்டெவில்ஸ் பீக்னு 135 அடி உயர ஸ்லைடு ஒண்ணு, படி ஏறியே மூச்சு வாங்கும். அதுக்கு 48 இன்ச் உயரம் வேணும். வீட்ல குழந்தைய செவுத்துல நிக்க வெச்சு அளந்துட்டு டிக்கெட் வாங்குங்க, அங்க போய் அளக்கற கம்பு கிட்ட நின்னு அழற குழந்தைங்கள நெறைய பாத்திருக்கேன். என் அபிப்பிராயம், பத்து வயசுக்கு கீழ குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு வாட்டர் பார்க் தேவையே இல்ல. கோகோகேல ஸ்ப்ளாஷ்அவே பேன்னு இலவச இடமே அவங்களுக்கு பாதி நாள் ஓடிடும். டீனேஜ் பசங்க இருந்தா அவங்களுக்கு மட்டும் வாங்கி ஒரு பெரியவர் கூட போங்க, மொத்த குடும்பத்துக்கும் வாங்கி, பாட்டி கீழ உக்காந்து எல்லாரோட செருப்பையும் காவல் காக்கறதுல என்ன இருக்கு? விலை நாளுக்கு நாள் மாறும், ஆன்லைன்ல முன்னாடியே வாங்கி வெச்சு, அப்புறம் குறைஞ்சா கேன்சல் பண்ணி திரும்ப வாங்கலாம். கப்பல் கம்பெனி மூலமா வாங்கினா தீவு கேன்சல் ஆனாலும் பணம் திரும்ப வந்துடும். கோகோகேல மேல போற ஹீலியம் பலூன் காத்தடிச்சா ஓடாது, அதுக்காக நாள் முழுக்க பிளான் போடாதீங்க.

கையில ரொக்கம் தேவையில்ல, எல்லாம் ரூம் கார்டுல ஏறும். பஹாமாஸ்காரங்க வெச்சிருக்கற சின்ன கடையில பனை ஓலைப் பை, தொப்பி வாங்கணும்னா மட்டும் சில்லறை டாலர் வெச்சுக்கோங்க. பஹாமாஸ் டாலரும் அமெரிக்க டாலரும் ஒண்ணுக்கு ஒண்ணு, அமெரிக்க நோட்டே வாங்கிப்பாங்க. மிச்சம் பஹாமாஸ் நோட்டா குடுத்தா அமெரிக்க நோட்டா மாத்தி கேளுங்க, ஊருக்கு போய் அத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

வெயில் பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், நம்ம ஆளுங்களுக்கு "நாம பாக்காத வெயிலா"ன்னு ஒரு தெனாவெட்டு உண்டு. கடல் காத்து அடிச்சிட்டே இருக்கறதால சூடு தெரியாது, ஆனா தோலு வெந்துட்டிருக்கும், தண்ணிலேர்ந்தும் மணல்லேர்ந்தும் வேற வெயில் பிரதிபலிக்கும். கருப்பா இருந்தாலும் எரியும், ராத்திரி தோள்ல பெட்ஷீட் பட்டா தெரியும். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல, வெயில்ல போறதுக்கு 15 நிமிஷம் முன்னாடி ரூம்லயே தடவிடுங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப, தண்ணில இருந்து வந்து துடைச்சா திரும்ப. எல்லாரும் மறக்கற இடம் காது, பாதத்தோட மேல் பக்கம், வகிடு. ஆறு மாசத்துக்கு கீழ இருக்கற குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழல்ல வெச்சு மெல்லிசான துணியால மூடுங்க. பதினொண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் சாப்பாடு, நிழல், தூக்கம்னு ஓட்டிடுங்க, தண்ணில இருக்கறத காலைலயும் ரெண்டரைக்கு மேலயும் வெச்சுக்கோங்க.

தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், ஆழம் தெரியாம ஏமாத்தும். லைஃப்கார்ட் இருந்தாலும் குழந்தைக்கு காவல் நீங்கதான். பெரியவங்கள்ல ஒருத்தர் அரை மணி நேரம் ஃபோன தொடாம குழந்தைய மட்டும் பாக்கறது, அப்புறம் அடுத்தவர், அப்படி டூட்டி போட்டுக்கோங்க. "எல்லாரும் பாத்துட்டுத்தான் இருக்கோம்"னா யாரும் பாக்கலன்னு அர்த்தம். லைஃப் ஜாக்கெட் கோகோகே, காஸ்ட்அவே கே ரெண்டுலயும் சும்மாவே தருவாங்க, அளவு பாத்து இறுக்கிப் போடுங்க. மணல் தரையில நடக்கறப்ப காலைத் தூக்கி வைக்காம தேச்சு தேச்சு நடங்க, திருக்கை மீன் மணலுக்குள்ள படுத்திருந்தா அதிர்வு தெரிஞ்சு போய்டும். டயபர் போடற குழந்தைய கடல்ல விளையாட விடலாம், பூலுக்குள்ள விடறதுக்கு முன்னாடி அங்க இருக்கற ஆள கேட்டுடுங்க, கப்பல் மேல இருக்கற பூல்ல டயபர் குழந்தைக்கு அனுமதி கிடையாது.

குழந்தை கூட்டத்துல தொலையறது பத்தி பயமா இருந்தா, போனவுடனே ஒரு ஃபோட்டோ எடுத்துடுங்க, அன்னைக்கு என்ன கலர் டிரஸ்னு அப்ப மறக்காது. பக்கத்துல இருக்கற பெரிய அடையாளம் ஒண்ண காட்டி "வழி தெரியலன்னா இங்க வந்து நில்லு"ன்னு சொல்லி, ஒரு தடவை நடந்தும் காட்டுங்க.

சாப்பாடு பதினொரு மணிக்கே திறக்கற இடம் இருந்தா அப்பவே போய்டுங்க, பன்னெண்டரைக்கு போனா க்யூ. பர்கர், ஹாட் டாக், சாலட், டாக்கோ, ஃப்ரைஸ், பழம், அவ்ளோதான். சைவம்னா முந்தின ராத்திரி டின்னர்ல ஹெட் வெயிட்டர் கிட்ட சொல்லி வெச்சுடுங்க, வெஜ் பர்கர் கேட்டா பண்ணித் தருவாங்க, ஆனா தனியா பண்ண நேரமாகும். கோகோகேல ஸ்நாக் ஷாக்ல மொசரெல்லா ஸ்டிக்ஸும் இலவசம், எங்க வீட்டு பசங்க நாள் முழுக்க அத மட்டுமே சாப்பிட்டாங்க, விட்டுட்டேன். பெரியவங்க தண்ணி குடிக்க மறந்துடுவாங்க, பாட்டில நிரப்பி நிரப்பி குடுங்க.

திரும்பற நேரம்தான் கடைசி சூட்சுமம். ரெண்டு மணிலேர்ந்து மூணரை வரைக்கும் எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புவாங்க. ஒண்ணு, மதியம் சாப்பிட்டவுடனே ஒன்றரைக்கு ஏறிடுங்க, கப்பல் பூல் அப்ப காலியா உங்க சொந்த பூல் மாதிரி இருக்கும், பெரியவங்களுக்கும் தூங்கற குழந்தைக்கும் இதுதான் பெஸ்ட். இல்ல, கூட்டம் போனப்புறம் கடைசி ஒரு மணி நேரத்த பீச்ல வெச்சுக்கோங்க, வெயில் சாஞ்சு, தண்ணி இதமா இருக்கும், ஃபோட்டோவும் நல்லா வரும். டெண்டர் தீவுல ரெண்டாவது வழிக்கு துணியாதீங்க. ஓஷன் கேல பல கப்பல் ராத்திரி வரைக்கும் நிக்கும், கலங்கரை விளக்குல லைட் ஷோ போடுவாங்க. அந்த இடம் ஒரு காலத்துல மணல் தோண்டற தொழிற்சாலை இடம், அத சுத்தி இப்ப 64 சதுர மைல் கடல பாதுகாக்கறாங்க, நம்பவே முடியாது.

ஷெல் பொறுக்கறத குழந்தைங்க விட மாட்டாங்க. உயிரோட இருக்கற சங்கையும் நட்சத்திர மீனையும் பாத்துட்டு அப்படியே விட்டுடச் சொல்லுங்க. ஏறறதுக்கு முன்னாடி துறை பக்கம் இருக்கற குழாய்ல கால், பொம்மை, வாளி எல்லாம் அலசிடுங்க, இல்லன்னா அடுத்த மூணு நாளும் பெட்ல மணல்ல படுத்துத் தூங்கணும். ஈர ஸ்விம் டிரஸ்ஸ பால்கனி கம்பியில போடாதீங்க, கப்பல் ஓட ஆரம்பிச்சா காத்துல போய்டும், அதுக்கு அனுமதியும் இல்ல. பாத்ரூம்ல ஷவருக்கு மேல இழுத்து மாட்டற கயிறு ஒண்ணு சின்னதா இருக்கும், நிறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது, தேடிப் பாருங்க.