மழை பெய்தால் வீங்கும் சர்வர்

சர்வர் நினைவகத்தை விழுங்கிக்கொண்டே போகிறதா? நினைவகக் கோளாறு தேடும் வால்கிரைண்ட் கருவியை உடனே இயக்காதீர்கள். முதலில் இரண்டு எண்களை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துவையுங்கள். லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு புராசஸுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும்) 'ப்ராக்' அடைவில் ஒரு ஸ்டேட்டஸ் கோப்பு இருக்கும். அதில் விஎம்ஆர்எஸ்எஸ் என்ற வரி, புராசஸ் உண்மையில் பிடித்துவைத்திருக்கும் நினைவகம். த்ரெட்ஸ் என்ற வரி, அதற்குள் இணையாக ஓடும் த்ரெட்களில் உயிரோடிருப்பவற்றின் எண்ணிக்கை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். கோத்தகிரியில் உட்கார்ந்து சி++ மொழியில் நான் எழுதிய சர்வரின் வேலை, பசுந்தேயிலை எடையைப் பதிவது. கட்டபெட்டு, அரவேணு, கீழ்கோத்தகிரி பக்கத்துக் கொள்முதல் இடங்களிலுள்ள 60 தராசுகள் சிம் கார்டு வழியாக எடையை அனுப்பும். தராசுக்கு ஒரு த்ரெட். வெயில் நாளில் 300 எம்பியோடு சமர்த்தாக இருக்கும். ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலைக்குள் 1.4 ஜிபியைத் தொட்டது. இரவில், 2 ஜிபி இயந்திரத்தில் இடமில்லாமல், கர்னலே அதைக் கொன்றுவிட்டது. இலை வரத்து கூடினால் நினைவகமும் கூடும் என்று நம்பி, எடைப் பதிவுப் பகுதியை ஒரு வாரம் வரிவரியாகப் படித்தேன். குறித்துவைத்த எண்களைப் பார்த்த பிறகே புரிந்தது: மழை நாளில் இலை குறைவு, நினைவகம்தான் அதிகம்.

அடுத்து, இது கசிவுதானா, அதாவது வேலை முடிந்தும் திருப்பித் தராத நினைவகம்தானா என்று பாருங்கள். 64 பிட் லினக்ஸில் நினைவகத்தைப் பங்கிட்டுத் தரும் ஜிலிப்சி நூலகம், த்ரெட்கள் ஒன்றையொன்று இடிக்காமலிருக்க, அரீனா என்ற தனித்தனி நினைவகப் பகுதிகளை ஒதுக்கும். செயலியின் ஒரு கோருக்கு 8 வரை போகும். 4 கோர் என்றால் 32. காலியான இடமும் அவற்றுக்குள்ளேயே சிதறிக் கிடப்பதால் கசிவு போலவே தோன்றும். 'மாலக் அரீனா மேக்ஸ்' என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து மறுபடி ஓட்டுங்கள். ஏற்றம் நின்றுவிட்டால் உங்கள் நிரலில் குற்றமில்லை. எனக்கு நிற்கவில்லை.

த்ரெட் எண்ணிக்கையோ 64இலிருந்து 1,160க்குப் போயிருந்தது. இப்படி ஏறினால் பிழை தேடும் ஜிடிபி கருவியை ஓடும் புராசஸில் இணைத்து, எல்லாத் த்ரெட்களின் பேக்ட்ரேஸையும், அதாவது எந்த அழைப்பில் நிற்கிறது என்ற பட்டியலையும் எடுங்கள். என்னுடையதில் ஏறக்குறைய எல்லாமே ரிசீவ் அழைப்பில் காத்துக் கிடந்தன. மழையில் மின்சாரம் போனால் செல்போன் கோபுரமும் படுத்துவிடும்; தராசு விடைபெறாமலே மறைந்துவிடும். சிக்னல் வந்ததும் புது இணைப்பு, புது த்ரெட். பழையது தலா 1 எம்பி பஃபரைக் கட்டிக்கொண்டு, வராத எடைக்காகக் காத்திருக்கும். கசிவு தேடும் கருவிகள் இதைக் குற்றமாகச் சொல்லாது. அந்த நினைவகத்துக்குச் சொந்தக்காரன் இன்னும் இருக்கிறானே!

மௌனமான இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கும் கீப்-அலைவ் போதும் என்பார்கள். லினக்ஸின் இயல்பு அமைப்பில் அது 7,200 வினாடி மௌனத்துக்குப் பிறகே முதல் சோதனையை அனுப்பும். தராசு 30 வினாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்வதால், ரிசீவுக்கு 90 வினாடிக் காலவரம்பு வைத்தேன். இதைச் சோதிக்கும்போது கிளையன்டைக் கொன்று பார்க்காதீர்கள். அதன் கர்னல் முறையாக இணைப்பை மூடிவிடும், கோளாறு தலைகாட்டாது. லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் அந்தப் போர்ட்டின் பாக்கெட்களை டிராப் செய்யுங்கள்.

த்ரெட் எண்ணிக்கை இறங்கியது. ஆனால் அதே ஸ்டேட்டஸ் கோப்பிலுள்ள விஎம்சைஸ், அதாவது புராசஸ் ஒதுக்கிவைத்த மொத்த முகவரி இடம், ஏறிக்கொண்டே போனது. முடிந்த த்ரெட்டை யாராவது ஜாயின் செய்ய (முடிவைப் பெற்றுக்கொள்ள) வேண்டும், அல்லது அதை டிடாச் செய்து (தானே விடுவித்துக்கொள்ளும்படி விட்டு) இருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. முடிந்த ஒவ்வொன்றும் தன் ஸ்டாக்கை, வழக்கமாக 8 எம்பி முகவரி இடத்தை, விடாமல் வைத்திருந்தது. ஒரே வரித் திருத்தம்.

இப்போதுதான் கருவியின் முறை. வால்கிரைண்ட் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓடவிடும். 20, 30 மடங்கு மெதுவாகவும் ஆக்கும். தராசுகள் காலவரம்பு தாண்டி ஓடிவிடும். நினைவகப் பிழை பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்தால் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் மெதுவாகும். உள்ளிருக்கும் லீக் சானிடைசர் புராசஸ் முடியும்போது கணக்குச் சொல்லும். நிறுத்தச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வந்தால் ஒழுங்காக வெளியேறும் வழி உங்கள் சர்வரில் இல்லையென்றால் அந்தக் கணக்கு வராது. அதை முதலில் எழுதுங்கள்.

மிச்சமிருந்த கசிவை அது காட்டியது. என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் சாக்குக் கணக்கு பார்த்தவர். எத்தனை சாக்கு வெளியே போனது என்பதைவிட, இப்போது யார் கையில் இருக்கிறது என்றுதான் கேட்பார். என் வரிசையில் ஒரு த்ரெட் எடைச் செய்தியைப் போடும், இன்னொன்று எடுத்து எழுதிவிட்டு அழிக்கும். இணைப்பு அறுந்து அதே எடை இரண்டாம் முறை வந்தால், எடுத்த த்ரெட் 'ஏற்கெனவே இருக்கிறது' என்று பாதியிலேயே திரும்பிவிடும். செய்தி யார் கையிலும் இல்லை. வெறும் பாயின்டருக்குப் பதில், ஒரே சொந்தக்காரன் மட்டும் வைத்திருக்கும் யூனிக் பாயின்டரை மூவ் செய்து (கைமாற்றி) கொடுத்தேன். எந்த வழியாகத் திரும்பினாலும் அது தானே அழியும். உங்கள் நிரலிலும் வரிசையிலிருந்து எடுக்கும் இடங்களில் நடுவே உள்ள ரிட்டர்ன்களைத்தான் முதலில் தேடுங்கள்.