டேட்டிங் ஆப்பில் சேருவதற்கு முன் செய்த வேலைகள்

நான் முதலில் போட்ட படம் மொட்டை மாடியில் எடுத்தது. புடவை எடுப்பாக இருந்தது, மாலை வெளிச்சமும். பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் எங்கள் குடியிருப்பின் பெயர் எழுதியிருந்ததைத்தான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவர், 'உங்கள் தெருமுனைக் கடையில் வாழைக்காய் பஜ்ஜி நன்றாக இருக்குமே' என்று எழுதினார். அன்றைக்கே கணக்கை மூடிவிட்டேன். நாலு மாதம் கழித்துத் திரும்பப் போனபோது இப்படிச் செய்தேன்.

முதலில் புது மெயில் முகவரி. வங்கிக்கோ அலுவலகத்துக்கோ கொடுக்காதது, பெயரும் பிறந்த வருடமும் இல்லாதது. கூகுள், ஃபேஸ்புக் கணக்கு வழியாக உள்ளே போகவில்லை. பாஸ்வேர்டும் வேறெங்கும் போடாத ஒன்று.

படங்களை இதற்கென்றே புதிதாக எடுத்தேன், பின்னால் வெறும் சுவர். இன்ஸ்டாகிராமில் இருக்கும் படத்தையே இங்கேயும் போட்டால், படத்தை வைத்தே தேட உதவும் கூகுள் லென்ஸில் தேடுகிறவருக்கு உங்கள் முழுப் பெயரே கிடைத்துவிடலாம். ஃபோன் அமைப்பில் 'துல்லிய இருப்பிடம்' என்பதையும் அணைத்துவிடுங்கள். '2 கி.மீ. தொலைவில்' என்ற வரி அப்பாவியாகத்தான் தெரியும். ஆனால் மூன்று இடங்களில் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வட்டம் போட்டால், வட்டங்கள் வெட்டுகிற இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

வெளியேறும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஃபோனிலிருந்து ஆப்பை நீக்கினால் கணக்கு போகாது. கணக்கை டெலிட் செய்தாலும் தகவல் அவர்களிடமே தங்கலாம். மணமானவர்களின் ரகசியத் தொடர்புக்கென்றே கனடாவிலிருந்து நடந்த ஆஷ்லி மேடிசன் தளம், 19 டாலர் வாங்கிக்கொண்டு 'முழுதாக அழிக்கிறோம்' என்றது. 2015 ஆகஸ்டில் 3 கோடிக்கும் மேலான கணக்குகளின் விவரம் இணையத்தில் கொட்டியபோது, அட்டையில் பணம் கட்டியவர்களின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன. அழிப்பதற்குக் காசு கொடுத்த ரசீதே ஆளைக் காட்டிக்கொடுத்தது! (அந்தத் தளம் மெயில் முகவரியைச் சரிபார்க்கவில்லை. அடுத்தவர் முகவரியைப் போட்டுச் சேர்ந்தவர்களும் உண்டு. பட்டியலில் ஒரு முகவரி இருந்தாலே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது.)

ஆகவே வரிசை முக்கியம். முதலில் படங்களை எடுத்துவிடுங்கள், சுயவிவரத்தைக் காலி செய்யுங்கள், கட்டணச் சந்தாவை நிறுத்துங்கள். அப்புறம் டெலிட்.

பழைய மெயில் முகவரி எங்காவது கசிந்திருக்கிறதா என்று 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் பார்க்கலாம். ஆஷ்லி மேடிசன் போன்ற கசிவுகளை அது எல்லோருக்கும் காட்டாது. அந்த மெயில் பெட்டி தன்னுடையது என்று உறுதி செய்தவருக்குத்தான் சொல்லும். சந்தேகப் பிராணியான கணவர் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடினால் இந்த மாதிரிக் கசிவு பற்றி ஒன்றும் கிடைக்காது.

'பணம் கொடு, இல்லையென்றால் வீட்டுக்குச் சொல்வேன்' என்று மெயில் வந்தால் பணம் அனுப்பாதீர்கள், பதிலும் போடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு இந்தியாவின் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.