தறிக்குடோனில் ஷூட்டிங்கா? ஷட்டரை 1/50-ல் வையுங்கள்

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனுக்குள் குறும்படம் எடுக்கிறீர்கள் என்றால், கேமராவையோ போனையோ ஆட்டோவில் விடாமல் ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை (ஒவ்வொரு ஃப்ரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடியில் பூட்டிவிடுங்கள். வெளிச்சம் அதிகமானால் 1/100. நடுவில் எதுவும் வேண்டாம்.

நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். 1/50-ல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியாக இரண்டு துடிப்பு விழும். 1/60 என்றால் கணக்கு இடிக்கும். பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) மேல் கறுப்புப் பட்டை மெதுவாக ஊர்ந்துபோகும். எடிட்டிங்கில் அதை எடுப்பதற்குள் உயிர் போய்விடும். ஃப்ரேம் ரேட் நொடிக்கு 25 ஆனாலும் 30 ஆனாலும் பரவாயில்லை, ஷட்டர்தான் முக்கியம். இன்னும் வெளிச்சம் மிஞ்சினால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) குறையுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் என்டி ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும் மங்கல் கண்ணாடி).

நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) பறப்பதை நொடிக்கு 120 ஃப்ரேமில் ஸ்லோமோஷனாக எடுக்க இது உதவாது. அப்போது ஷட்டர் 1/120-ஐ விட மெதுவாகாது, 1/100-கூட வைக்க முடியாது. டியூப்களை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். மலிவான எல்இடி, வேகம் ஏறி இறங்கும் ஜெனரேட்டர் இரண்டையும் நம்ப வேண்டாம். பத்து நொடி எடுத்துப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.