கால் உளைச்சலுக்கு எண்ணெய் தேய்த்து நீவி விடுவது எப்படி?

ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவர், பஸ் கண்டக்டர், சமையற்கட்டை விட்டு நகராத அம்மா என்று நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிற எல்லோருக்கும் ராத்திரி படுத்ததும் கால் உளையும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தமே வந்தது. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடும். அசையாமல் நின்றால் அந்த வேலை நடக்காது. ரத்தமும் நீரும் கீழேயே தங்கி, கணுக்காலில் லேசாக வீக்கம் காட்டும்.

இப்படி உளைகிற காலை வீட்டிலேயே பிடித்துவிடுவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம். இரண்டு காலுக்கும் சேர்த்து 20 நிமிடம் போதும். பலசாலியாக இருக்க வேண்டியதில்லை, அவசரப்படாமல் இருந்தால் சரி.

முதலில், தொடக்கூடாத கால் எது?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, கெண்டைக்காலில் வலியோடு, கொஞ்சம் சிவந்தும் இருந்தால் கை வைக்கவே கூடாது. உள்ளே ஆழமான ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதை அமுக்கினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், படுத்த படுக்கையாக இருந்தவர்கள், நீண்ட விமானப் பயணம் போய்வந்தவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள் ஆகியோருக்கு இந்த வாய்ப்பு கூடுதல். இவர்களுக்குக் கால் வலி என்றால் எண்ணெயைத் தேடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நரம்பு சுருட்டிக்கொண்டு புடைத்திருந்தால் அந்த இடத்தை அழுத்தக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அழுத்தினாலே கன்றிப்போகும், அதனால் மென்மையாகத் தடவுவதோடு நிறுத்துங்கள், அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டு. காய்ச்சல், புண், தோல் தொற்று, இன்று நேற்று பட்ட சுளுக்கு எல்லாவற்றுக்கும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

சர்க்கரை நோயாளிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல வருஷ சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருக்கும். "வலிக்குதா, சூடா இருக்கா?" என்று கேட்டால் அவர்கள் சொல்கிற பதிலை நம்ப முடியாது. அழுத்தமும் சூடும் குறைவாகவே இருக்கட்டும். ஆனால் கால் பிடித்துவிடும் சாக்கில் விரலிடுக்கில் வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறிய இடம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். எனக்குத் தெரிந்து அவர்களுக்கு மசாஜைவிட இந்தப் பார்வைதான் பெரிய லாபம்.

படி 1: எண்ணெயும் படுக்கையும்

நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, வீட்டில் இருப்பது போதும். தோலுக்கும் கைக்கும் நடுவே உராய்வைக் குறைப்பதுதான் எண்ணெயின் முக்கிய வேலை. விலை கூடிய மூலிகைத் தைலம் வாங்கினால் அதற்காகப் பலன் பத்து மடங்காகிவிடாது. எண்ணெயை அடுப்பில் காய்ச்ச வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தால் பதமாகச் சூடேறும். உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல் கழற்றிவிடுங்கள், நகம் வெட்டியிருக்க வேண்டும்.

குப்புறப் படுக்க முடிந்தவர்களுக்குக் கணுக்காலுக்கு அடியில் தலையணை. வயதானவர்களுக்கு அது சிரமம். மல்லாந்து படுக்கச் சொல்லி, ஒரு முழங்காலை மடக்கி, பாதத்தை மெத்தையில் பதியவைத்தால் கெண்டைக்கால் சதை தளர்ந்து தொங்கும். உங்கள் கைக்கு வாகாக வரும்.

படி 2: தடவல்

உள்ளங்கையை முழுதாகப் பதித்து, கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை மேல்நோக்கி நீவுங்கள். திரும்பி வரும்போது அழுத்தம் இல்லாமல் கை சும்மா சறுக்கி வரட்டும். மேல்நோக்கி என்பதற்குக் காரணம் உண்டு. கால் சிரைகளில் ஒருவழி வால்வுகள் இருக்கின்றன, ரத்தம் இதயத்தை நோக்கித்தான் போகவேண்டும். நீங்களும் அதே திசையில் போகிறீர்கள்.

வேகம்தான் எல்லோரும் கோட்டை விடும் இடம். முடி உள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே பதில் சொல்லும் மெல்லிய நரம்பு இழைகள் உண்டு. கை வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும்போதுதான் அவை நன்றாகத் தூண்டப்படும். அதைவிட வேகமாகத் தேய்த்தால் அவை அடங்கிவிடும். கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் என்றால், ஒரு நீவலுக்குப் பத்து வினாடிகூட எடுத்துக்கொள்ளலாம். முதல்முறை செய்யும்போது இது சோம்பேறித்தனமாகத்தான் தோன்றும். படுத்திருப்பவரின் மூச்சைக் கவனியுங்கள், ஐந்தாறு நீவலில் அது நீளும். இதயத் துடிப்பும் கொஞ்சம் இறங்கும்.

படி 3: பிசைதல்

இப்போது சதை சூடாகித் தளர்ந்திருக்கும். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறுபக்கம் இருக்கும்படி கெண்டைக்கால் சதையைப் பிடித்து, எலும்பிலிருந்து லேசாகத் தூக்கி, அமுக்கி விடுங்கள். சப்பாத்தி மாவு பிசைகிற அதே கைதான், நகத்தால் கிள்ளாமல் முழு விரலால். கீழிருந்து மேலாக நகர்ந்து போங்கள். கட்டியாகத் தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, அரை நிமிடம் அப்படியே அழுத்திப் பிடித்துவிட்டு மெதுவாக எடுங்கள். முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியில் அழுத்தவே வேண்டாம். அங்கே ரத்தக் குழாயும் நரம்பும் மேலாகவே ஓடுகின்றன. முன்பக்கத்து எலும்பையும் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு அழுத்தலாம்? "வலிக்குது, ஆனா நல்லா இருக்கு" என்கிற அளவு. பல்லைக் கடித்தாலோ மூச்சைப் பிடித்தாலோ கால் விரல் மடங்கினாலோ அளவு மீறிவிட்டீர்கள் என்று அர்த்தம். சதை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும், செய்ததெல்லாம் வீண். மறுநாள் நீலம் பாரித்தால் அது கெட்ட ரத்தம் வெளியேறிய அடையாளம் இல்லை, சின்ன ரத்தக் குழாய்கள் உடைந்த அடையாளம்.

அப்புறம், "மசாஜ் செய்தால் லாக்டிக் அமிலம் வெளியேறும், நச்சு வெளியேறும்" என்று ஸ்பா விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். உடற்பயிற்சியில் உண்டாகும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்), மசாஜ் இல்லாமலே ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறையத் தானாகச் சரியாகிவிடும். நச்சு நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும் வரை சைக்கிள் மிதிக்கவைத்து, ஒரு காலுக்கு மட்டும் 10 நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு காலிலும் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில் லாக்டேட் அளவில் வித்தியாசம் இல்லை. ஆனால் மசாஜ் செய்த காலில் அழற்சி சமிக்ஞைகள் குறைந்திருந்தன. சின்ன ஆய்வுதான், இருந்தாலும் கதை வேறு என்று காட்டுகிறது.

வலி குறைவதற்கு நரம்பும் ஒரு காரணம். தொடுதலும் அழுத்தமும் அனுப்பும் செய்தி, முதுகுத்தண்டிலேயே வலிச் செய்தியை மட்டுப்படுத்துகிறது என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-ல் சொன்னார்கள். இடித்துக்கொண்ட இடத்தை யாரும் சொல்லாமலே நாம் தேய்த்துக்கொள்வது இதனால்தான். இந்த நிவாரணம் நிரந்தரமானது அல்ல. நாளைக்கும் பத்து மணி நேரம் நின்றால் நாளைக்கும் உளையும்.

படி 4: பாதம்

உள்ளங்காலில் மெல்லத் தடவினால் கூச்சம்தான் வரும். இங்கே கட்டைவிரலால் உறுதியாக அழுத்துங்கள். குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. ஒரு கையால் கால் விரல்களைப் பின்னோக்கி வளைத்தால் அது விறைத்து, விரலுக்குத் தட்டுப்படும். அதன் ஓரமாகவே அழுத்திக்கொண்டு போங்கள். காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் சுரீரென்று குத்துகிறவர்களுக்கு இந்தப் பட்டையில்தான் பிரச்சினை இருக்கும். சில வாரம் தொடர்ந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

விரல்களைச் சொடுக்கு எடுக்க வேண்டாம். சித்த மருத்துவத்தின் மசாஜ் முறையான தொக்கணத்தில் தட்டல், அழுத்தல், முறுக்கல், இழுத்தல் என்று ஒன்பது வகை உண்டு. முறுக்கலும் இழுத்தலும் படித்தவர் கையில் மட்டும்தான் இருக்கவேண்டும். சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைச் சொடுக்கிவிடுவதை இப்போதே நிறுத்திக்கொள்ளுங்கள். கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம்.

படி 5: முடிப்பது

படி 2-ல் செய்த நீவலை இன்னும் மெதுவாக நாலைந்து முறை செய்யுங்கள். பிறகு அவரையே பாதத்தை மேலும் கீழுமாக இருபது தடவை ஆட்டச் சொல்லுங்கள். கெண்டைக்கால் சதை தானாகச் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும், இதை எந்தக் கையும் அவ்வளவு நன்றாகச் செய்யாது. உள்ளங்கால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், டைல்ஸ் தரையில் வழுக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழட்டும்.

பிடித்துவிட ஆள் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, அந்த முழங்காலின் மேல் மற்றக் காலின் கெண்டைச் சதையை வைத்து, மேலும் கீழுமாக மெதுவாக உருட்டுங்கள். காலின் எடையே போதுமான அழுத்தம் தரும்.