விளக்கை இரண்டு இடத்தில் கட்டுங்கள்

பொரித்து ஒரு நாளான கோழிக்குஞ்சை உள்ளங்கையில் வைத்தால் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். அந்தப் பஞ்சு குளிரைத் தாங்காது. முதல் சில நாள் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு முடியாது. தாய்க்கோழி இருந்தால் இறக்கைக்குள் வாங்கிக்கொள்ளும். இல்லையென்றால் விளக்கு கட்டிச் சூடு தரும் வேலை நம்முடையது.

முதல் வாரம் விளக்குக்குக் கீழே, குஞ்சின் முதுகு உயரத்தில், 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். ஆறாவது வாரம் 20 டிகிரிக்கு வந்துவிடும். அதற்குள் இறகும் முளைத்துவிடும். விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கிக் கட்டினாலே சூடு குறையும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்போ இன்ஃப்ராரெட் விளக்கோ வேண்டும். சிவப்பு விளக்கு என்றால் குஞ்சுகள் நன்றாகத் தூங்கும், ஒன்றையொன்று கொத்துவதும் குறையும்.

தெர்மாமீட்டர் இருக்கட்டும், ஆனால் நான் நம்புவது குஞ்சுகளைத்தான். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, விடாமல் உரக்கக் கத்தினால் குளிர்கிறது. சுவரோரம் ஒதுங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை விரித்துக் கிடந்தால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து, மெல்லிய கீச்சொலியோடு அங்கங்கே தின்றுகொண்டிருந்தால் சரி. இரவு படுக்கப் போகுமுன் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். குளிர் ஏறுவது விடியலுக்கு முன்புதான்.

குஞ்சுகளை விடும் அடைப்பு வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் குளிரில் அங்கே போய்க் குவியும்; அடியில் மாட்டியது மூச்சுத் திணறிச் செத்துவிடும். விளக்கை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தொங்கவிடுங்கள். சூடு பிடிக்காத குஞ்சு விலகிப் போக மறுபக்கம் இடம் வேண்டும். தண்ணீரும் தீனியும் அந்தப் பக்கம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், குஞ்சு விழுந்து நனையாது. நனைந்த குஞ்சு எவ்வளவு சூட்டிலும் நடுங்கும். தரையில் வழவழப்பான செய்தித்தாள் மட்டும் போட்டால் கால் விரிந்து ஊனமாகிவிடும். உமி அல்லது மரச்சீவல் போடுங்கள்.

இனி விளக்கு. என் இரண்டாவது ஈட்டுக் குஞ்சுகளின்போது கவ்வியை மட்டும் நம்பி விளக்கை மாட்டியிருந்தேன். நள்ளிரவில் கருகல் வாடை. ஓடிப் பார்த்தால் விளக்கு உமியில் கவிழ்ந்து கிடந்தது. ஓரங்கள் சிவந்து கனிய, உள்ளங்கை அகலத்துக்குக் கருப்புப் பள்ளம். குஞ்சுகள் எதிர்ச்சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்றும் சாகவில்லை. இன்னும் பத்து நிமிடம் தூங்கியிருந்தால் என்று நினைக்கவே இன்றும் கை நடுங்குகிறது.

அன்றிலிருந்து விளக்கைச் சங்கிலியில் தொங்கவிடுகிறேன், கூடவே தனியாக ஒரு கம்பியால் வேறொரு கொக்கியிலும் கட்டுகிறேன். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பல்புக்கு முன்னால் கம்பி வலை. உமிக்கும் விளக்குக்கும் இடையே ஒன்றரை அடியாவது இருக்க வேண்டும். நான்-ஸ்டிக் பூச்சு பூசிய பல்பை வாங்கவே வாங்காதீர்கள். அது சூடேறினால் வரும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். மூடிய அறையில் கரி அடுப்பும் கூடாது, அந்தப் புகை குஞ்சோடு நம்மையும் கொல்லும்.

மின்சாரம் போனால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, அடைப்பின் மேல் காற்று புக இடம் விட்டு ஒரு போர்வை போடுங்கள். விளக்கு எரியும்போது துணியை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

ஐந்தாவது வாரம் பகலில் விளக்கை அணைத்துப் பாருங்கள். ஆறாவது வாரம் இரவிலும். முதல் ராத்திரி கொஞ்சம் முனகும், அப்புறம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு தூங்கிவிடும்.