பெருங்கடல்களின் பரப்பளவை நினைவில் வைக்க ஒரே எண் போதும்

பசிபிக்கின் பரப்பு சுமார் 17 கோடி சதுர கிலோமீட்டர். இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மற்ற நான்கையும் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். 17-இல் பாதி 8.5 கோடி, அது அட்லாண்டிக். அதில் 1.5 கோடியைக் கழித்தால் வரும் 7 கோடி இந்தியப் பெருங்கடல். கழித்த அந்த 1.5 கோடிதான் ஆர்க்டிக்! தென்பெருங்கடல் மட்டும் பாக்கி: அட்லாண்டிக்கில் கால்பங்கு, 2 கோடிக்குச் சற்று மேல்.

உண்மை அளவுகள் இந்த விகிதங்களுக்கு மிக அருகில் இருப்பதால்தான் இது பலிக்கிறது. சரிபார்க்க வேண்டுமா? ஐந்தையும் கூட்டினால் 36 கோடி வரும். உலகக் கடல்பரப்பின் மொத்தமும் ஏறக்குறைய அதுதான். தட்டை வரைபடத்தைப் பார்த்து ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் பல வரைபடங்களில் துருவப் பக்கம் பெரிதாக இழுபட்டுத் தெரியும்.

தென்பெருங்கடலைத் தனியாக எண்ணாத பழைய புத்தகங்களுக்கு இது பொருந்தாது. 60 டிகிரி தெற்குக்குக் கீழே உள்ள நீர்ப்பரப்பை அவை பசிபிக், அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடல் மூன்றோடும் சேர்த்துவிடும், அவற்றின் எண்கள் மாறிவிடும். ஆழத்துக்கும் இந்த விகிதம் உதவாது. ஆர்க்டிக்கின் சராசரி ஆழம் சுமார் 1,200 மீட்டர்தான். மற்ற நான்கும் சராசரியாகவே 3,000 மீட்டரைத் தாண்டும்.